எழுநூறு மில்லி

நான்காம் வார்த்தையின் பிரசங்கம் முடிந்து பாட்டுக்காக எல்லாரும் எழுந்து நின்றபோது அருமைநாயகத்தின் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. மெல்ல உரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் பாட்டின் முதல் அடி போய்விட்டது, இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்ளலாம் என்று வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை, மணி ஒன்றரை, பங்குனிக் கடைசி வெயில் கோயில் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டுக்குத் தொடங்கிய மும்மணி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலு முடிந்து மூன்று பாக்கி. ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருந்தது அதை இல்லை. காலையில் மாத்திரைக்கு ஐம்பது. காப்பி நூறு. இட்லிக்குள் இருக்கிற தண்ணீர் கணக்கில் சேராது என்று மனைவி வயலா சொல்வாள், சேரும் என்று ஆஸ்பத்திரிப் பையன் சொல்வான், சேரும் என்றால் ஐம்பது, சேராது என்றால் ஒன்றுமில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நூறு. ஆக இருநூற்றைம்பது, இல்லையென்றால் முந்நூறு. ஒரு நாளைக்கு டாக்டர் அளந்துவிட்ட எழுநூறு மில்லியில் முந்நூறு போனால் நானூறு, நானூறு இருக்கிறதே என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது, துள்ளிய வேகத்திலேயே சாயந்திரக் காப்பி நூறு, ராத்திரி மாத்திரைக்கு நூறு, சோற்றில் ஊற்றுகிற ரசம் நூறு என்று ஒவ்வொன்றாக வந்து அதன் தலையில் உட்கார்ந்தது. மிச்சம் நூறு. அந்த நூறும் வயலாவின் கைப்பைக்குள் ஒரு சின்ன பாட்டிலில் இருக்கிறது. வயலா பெண்கள் பக்கம், முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சேலையாக நிற்கிறாள். இவர் ஆண்கள் பக்கம், கடைசி பெஞ்சில், பக்கவாசலை ஒட்டி. மூச்சு முட்டினால் காற்று வேண்டுமே என்று அவள்தான் இங்கே உட்கார்த்திவிட்டுப் போனாள். அந்த வாசலுக்கு வெளியே, மேற்கு வராந்தாவில், மணலைக் குவித்து அதன்மேல் இரண்டு மண்பானைகள் வைத்திருப்பதை அவள் பார்க்கவில்லை. இவர் பார்த்தார். பன்னிரண்டு மணியிலிருந்து அதை மட்டும்தான் பார்க்கிறார்.

பானைகள் வேர்த்திருந்தன. வயசானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் என்று சபைப் பெண்கள் வைத்த தண்ணீர், தட்டு போட்டு மூடி, தட்டின்மேல் ஒரு எவர்சில்வர் தம்ளர். அருமைநாயகம் போன்ற ஆளுக்காக வைத்தது இல்லை. அவருக்கு மூத்திரம் நின்று இரண்டு வருசம் ஆகிறது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்ப் பாக்குக் கொட்டைபோல் ஆகிவிட்டன என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். குடிக்கிற தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது, அது உள்ளேயே நிற்கும், முதலில் கணுக்காலில், பிறகு வயிற்றில், அப்புறம் நெஞ்சில். புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினில் படுத்தால்தான் அது வெளியே வரும். நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக் காலை எட்டு மணிக்குத் தராசில் ஏறி நிற்க வேண்டும். புதன்கிழமை விட்டுவந்த எடை ஐம்பத்தெட்டு. நாளைக்கு அறுபது என்றால் மிஷின் பார்க்கிற பையன் சிரிப்பான், அறுபத்தொன்று என்றால் உதட்டைப் பிதுக்குவான், அதற்கு மேலே என்றால், அதற்கு மேலே வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம். வேறு எதையாவது நினைக்கலாம். பாட்டை நினைக்கலாம். பாட்டில் நதி வந்தது. அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டினார், திருச்செந்தூர் பாதை, இடது பக்கம் தேரிக்காட்டுச் சிவப்பு மணல், வலது பக்கம் வாழை, எஞ்சின் பெட்டியின்மேல் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்து கொதிக்கும், அதைத் தொடமாட்டார். நடுவழியில் இறங்க முடியாது என்று பயந்து காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஓட்டின நாள் எத்தனையோ. இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பதினைந்து வருசம். அதுதான் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அப்போது தாகமே எடுக்காது. தண்ணீர் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது. இப்போது கண்ணை மூடினால் தாமிரபரணி ஓடுகிறது, கண்ணைத் திறந்தால் பானை. வாயில் ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. எலுமிச்சம்பழ மிட்டாய் ஒன்று சட்டைப்பையில் இருந்தது, அதை எடுத்து வாயில் போடலாமா, பிரசங்க நேரத்தில் தாள் சத்தம் கேட்குமே, மிட்டாய் கரைந்தால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் விழுங்கலாம், விழுங்கினால் தொண்டைக்கு ஆசை காட்டின மாதிரி ஆகும், அப்புறம் அது கேட்கும், கேட்டால் நிறுத்தாது. எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது. எதையும் தொடங்காமல் இருந்த ஆளா நீ என்று உள்ளே ஒன்று கேட்டது. நேற்று என்ன செய்தாய்.

நேற்றுச் சாயந்திரம் பெரிய வியாழன் ஆராதனையில் அவர் செய்ததை யாரும் பார்க்கவில்லை, ஆராதனை நடத்துகிற ஐயரைத் தவிர. நற்கருணைக்கு முழங்கால் போட்டு வரிசையில் இருந்தார். அப்பத்துண்டு நாக்கில் ஒட்டி மாவாகக் கிடந்தது. ஐயர் பாத்திரத்தைக் கொண்டுவந்து உதட்டில் வைத்ததும் இவருடைய கை தானாக மேலே போய்ப் பாத்திரத்தின் அடியைப் பிடித்து ஒரு சாய்ப்புச் சாய்த்தது. ஒரு வாய் இல்லை. இரண்டு. ஐயர் சட்டென்று பின்னுக்கு இழுத்தார், ஒரு கண்வெட்டு நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எழுந்து வரும்போது இவர் மனசில் இருந்தது ஆண்டவரின் இரத்தம் இல்லை, முப்பது மில்லி இருக்குமா நாற்பது இருக்குமா என்பதுதான். அதை நினைக்கும்போது காது மடல் சுட்டது. சாராயக்காரன் செய்கிற வேலை. ஊரில் சாராயத்தால் கெட்டவனை எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொல்வார்கள், ஆண்டவர் என்னை விடுவித்தார் என்று அவன் சொல்வான், எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். இவர் எழுந்து நின்று என்ன சொல்வது, நான் தண்ணீருக்கு அடிமை என்றா, சிரிப்பார்கள். தண்ணீர் என்ன கெட்ட பொருளா. பச்சைப்பிள்ளைக்கும் கொடுக்கிறது. ஞானஸ்நானத்துக்கு ஊற்றுகிறது. ஆனால் திருடிக் குடித்தால் தண்ணீரும் சாராயம்தான், மறைக்க ஓர் இடம் வேண்டும், ஒரு பொய் வேண்டும். இவருடைய இடம் குளியலறை. அதை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் நதியையும் பஸ்ஸையும் சுற்றிக்கொண்டிருந்தார், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது மனசு. மாசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. "தாகமா இருக்கா அத்தான்?" என்று வயலா கேட்டாள், தினமும் கேட்கிற கேள்விதான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார், தினமும் சொல்கிற பதில்தான். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்ளே, கப்பில் மொண்டு மொண்டு குடித்தார். குளிக்கிற வாளித் தண்ணீர், லேசாகச் சோப்பு வாசம் அடித்தது, அதுவும் இனித்தது. மத்தியானம் புழுக்கம் என்று சொல்லி மறுபடி குளித்தார். மறுநாள் விடிவதற்குள் படுக்க முடியாமல் போயிற்று. கட்டிலில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினார், கரையில் போட்ட மீன் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்தார். தராசு அறுபத்து மூன்றரை காட்டியது.

மிஷின் நர்ஸ் வயலாவைத்தான் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, எத்தன தடவ சொல்லுறது? தண்ணிய அளந்து குடு அளந்து குடுன்னு. இது நெஞ்சுல நிக்குது. இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் உனக்கு." வார்டில் பதினொரு கட்டில், பதினொரு கட்டிலும் திரும்பிப் பார்த்தது. வயலா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். "ரசம் கொஞ்சம் கூடிப்போச்சு போல சிஸ்டர். இனிமே கொறச்சிருதேன்" என்றாள். இவர் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், கையில் இரண்டு குழாய், முகத்தில் ஆக்சிஜன் மூடி. மூடி இருந்ததால் பேச முடியவில்லை என்று இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் மூடியை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த நாள் முழுவதும் இருந்தது, அடுத்த நாள் இருந்தது, ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. அன்றிலிருந்து வயலா ரசம் ஊற்றும்போது கரண்டியைக் குப்புறச் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் திரும்பச் சட்டிக்கே விடுகிறாள்.

ஐந்தாம் வார்த்தைக்கு முன்னால் ஜெபம் என்று ஐயர் சொன்னார். எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள், தலைகள் கவிழ்ந்தன, முந்நூறு பேருடைய கண்ணும் ஒரே நேரத்தில் மூடியது. அருமைநாயகத்தின் கண் மூடவில்லை. மூன்றாவது வரிசையில் வயலாவின் முதுகு குனிந்திருந்தது. வேறு யாராவது பார்த்தால் ஒன்றுக்குப் போகிறார் என்று நினைப்பார்கள், அந்தப் பொய் வயலாவிடம் மட்டும்தான் செல்லாது, வயலா கண்ணை மூடியிருக்கிறாள். இதை அவர் யோசித்து முடிக்கும்போது கால் ஏற்கெனவே வாசற்படிக்கு வெளியே இருந்தது. வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஆஸ்பத்திரிப் பையனே சொல்லியிருக்கிறான், கொப்பளிக்கலாம் அண்ணாச்சி விழுங்கத்தான் கூடாது என்று, கொப்பளிக்கத்தான் போகிறேன், ஒரு வாய், ஒரே ஒரு வாய், அதில் பாதி தொண்டைக்குள் போனால் அது என் குற்றமா. வராந்தாவில் யாரும் இல்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் ஆராதனை முடிந்ததும் ஊற்றுவதற்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, புகை நேராக எழும்பியது. தட்டை நகர்த்தினார். உள்ளே இருட்டு, இருட்டுக்குள் ஒரு குளிர்ச்சி, முகத்தில் வந்து மோதியது. மண் வாசம். பானைக்குள் தன் மூச்சு எதிரொலிப்பது கேட்டது. தம்ளர் உள்ளே போய் முக்குளித்து எழுந்தபோது ஒரு சத்தம் வந்தது பாருங்கள், ஒரு முழுச் சத்தம், அந்தச் சத்தத்துக்கே அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தம்ளரின் வெளிப்பக்கம் ஈரமாகிக் கையில் வழிந்தது. விரல்கள் முதலில் குடித்தன. இன்னும் ஒரு சாண் தூரம். அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது, தொண்டையைச் செருமுகிற சத்தம், பிறகு தேவஇரக்கம் சாரின் குரல், "தாகமாயிருக்கிறேன்" என்றது.

பின்னால் யாரோ வந்து நின்று தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டார். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. யாரும் இல்லை. வெயில்தான். தேவஇரக்கம் சார் உயர்நிலைப்பள்ளி ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர், வருசா வருசம் ஐந்தாம் வார்த்தை அவருக்குத்தான், நல்ல மனுசர், நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "பிரியமானவர்களே, இது சரீர தாகம் அல்ல. உலகத்தின் தண்ணீருக்காகவா ஆண்டவர் தாகப்பட்டார்? இல்லை. இது ஆத்தும தாகம்." அருமைநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையில் தம்ளரை வைத்துக்கொண்டு கோபப்படுகிறோம் என்பதுகூட உறைக்கவில்லை. இல்லை சார். உமக்குத் தெரியாது. முந்தின நாள் சாயந்திரம் ஆண்டவர் குடித்ததுதான், அதற்கப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள், விடியவிடிய விசாரணை, யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பார்களா, அடித்த அடியில் ரத்தம் போயிருக்கிறது, மரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார், மத்தியான வெயிலில் தொங்குகிறார். ரத்தத்திலிருந்து தண்ணீர் போனால் வாய் எப்படி ஆகும் என்று இந்தக் கோயிலில் எனக்குத்தான் தெரியும் சார். மிஷின் மூன்று லிட்டர், நாலு லிட்டர் இழுத்தால் கெண்டைக்கால் சதை சுருட்டிக்கொண்டு அலற வைக்கும், நாக்கு கட்டையாகும், உதடு வெடிக்கும், பேசினால் சொல் ஒட்டிக்கொண்டு வராது. அது தண்ணீர்த் தாகம்தான். வெறும் தண்ணீர்த் தாகம். மனுசனுக்கு வருகிற தாகம். அதைப் பெரிசாக்கி அழகாக்கி வேறே எங்கேயோ கொண்டுபோகாதேயும். அவருக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வேண்டியிருந்தது, அதனால் கேட்டார். கேட்டார் என்ற இடத்தில் மனசு தடுக்கி நின்றது. கேட்டாரா. இல்லையே, தண்ணீர் கொடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லையே, தாகமாயிருக்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான். யாரிடம் சொன்னார். கீழே நின்றவர்களிடம், ஆணி அடித்தவர்களும் அதில் இருந்தார்கள், கேலி பேசினவர்களும் இருந்தார்கள். கடலையும் ஆற்றையும் உண்டாக்கினவர் என்று பாடுகிறோமே, அந்த ஆண்டவருக்கு அதைச் சொல்ல வெட்கமாக இல்லையா. அதெல்லாம் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாமே. நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நான் அப்படித்தான் சொல்கிறேன். இரண்டு வருசமாக ஒரு நாள்கூட, ஒரு ஆளிடம்கூட, அவளிடம்கூட, எனக்குத் தாகமாயிருக்கிறது என்று நான் சொன்னதில்லை. ஆண்டவரிடம் சொன்னதுண்டு, அப்போதும் தாகமாயிருக்கிறது என்று சொன்னதில்லை, இந்தத் தாகத்தை எடுத்துப்போடும் என்று சொன்னேன், காலையும் மாலையும் சொன்னேன், அவர் எடுத்துப்போடவில்லை. எடுத்துப்போடாததால் நானே எடுத்துக்கொண்டேன், வாளியில் மொண்டு.

தம்ளர் கையில் கனத்தது. அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை, மேலே தூக்கவும் முடியவில்லை. இத்தனை நாளும் இந்த இடத்தில் நின்றதே இல்லை, மொள்வதும் குடிப்பதும் ஒரே வீச்சில் நடந்துவிடும், நடுவே ஆள் நிற்க இடம் இருக்காது. இப்போது இடம் இருந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு, உதடு அசைய, "ஆண்டவரே, எனக்குத் தாகமா இருக்கு" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. எடுத்துப்போடும் என்று கேட்கவில்லை, பெலன் தாரும் என்று கேட்கவில்லை. தாகம் அப்படியே இருந்தது. ஒரு துளி குறையவில்லை. ஆனால் முன்னே இருந்த பதற்றம், யாராவது வந்துவிடுவார்கள், சீக்கிரம், சீக்கிரம் என்று பிடரியில் கைவைத்துத் தள்ளுகிற அந்த ஒன்று, அது கொஞ்சம் கையை எடுத்த மாதிரி இருந்தது. நீண்ட பாதையில் கண்டக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கூடவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவான், தூக்கம் போகாது, ஆனால் வண்டி ஓடும். அப்படி இருந்தது. உமக்கும் தெரியும் என்ன, ஆண்டவரே, என்று கேட்டார். உமக்கும் இந்த வாய் தெரியும். ஒலிபெருக்கியில் தேவஇரக்கம் சார் ஆத்துமாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. பிரசங்கம் முடிந்து பாட்டு வந்தது, பாட்டு முடிந்து ஆறாம் வார்த்தை தொடங்கியது, தம்ளரில் இருந்த தண்ணீர் கையின் சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது.

செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. வயலா பக்கவாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது, பெஞ்சில் ஆளைக் காணாமல் மூச்சு முட்டி எங்கேயோ விழுந்துகிடக்கிறார் என்று ஓடி வந்திருக்கிறாள். முதலில் அவரைப் பார்த்தாள், அப்புறம் நகர்ந்து கிடந்த தட்டை, அப்புறம் தம்ளரை. பழைய அருமைநாயகமாக இருந்தால் தம்ளர் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். கை அப்படிப் போகத்தான் ஒரு அசைப்பு அசைத்தது. போகவில்லை.

"குடிச்சியளா?"

"இல்லட்டி."

"பொய் சொல்லாதிய அத்தான். எத்தன தம்ளரு?"

"ஒண்ணுகூட இல்ல. மொண்டேன். குடிக்கல."

அவள் நம்பவில்லை. நம்பாதது முகத்தில் தெரிந்தது. இரண்டு வருசமாகச் சொன்ன பொய்யெல்லாம் அவளுக்குத் தெரியாது, ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்திருக்கும் போல. இன்றைக்கு உண்மை சொல்கிறேன், இன்றைக்கென்று பார்த்து நம்பமாட்டேன் என்கிறாளே என்று ஒரு ஆத்திரம் எழும்பி, எழும்பின இடத்திலேயே அடங்கியது. நம்பச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. அவர் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். தம்ளரைப் பக்கத்தில் வைத்தார்.

"வயலா, மாசி மாசம் ஆட்டோல தூக்கிட்டுப் போனியளே. அது ரசம் இல்ல. நான் குளிக்கப் போய், வாளித் தண்ணியக் குடிச்சேன். ரெண்டு நேரமும். அதுக்கு முந்தியும் குடிச்சிருக்கேன், எத்தன நாளுன்னு எனக்கே தெரியாது. அந்த நர்ஸ் பிள்ள உன்னய ஏசினப்ப நான் கேட்டுட்டுத்தான் கெடந்தேன்."

சொல்லி முடித்ததும் காதுக்குள் இரைந்தது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். கோயிலுக்குள் யாரோ இருமினார்கள்.

"நான் கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றாள் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அது சமாதானத்தால் தாழவில்லை. "தெரியுமா ஒங்களுக்கு? நான் ஊத்துன ரசத்துல என் மாப்பிள சாகக் கெடந்தாருன்னு முழங்கால் போட்டு அழுதேன். ஒரு மாசமா சட்டியப் பாத்தாலே கை நடுங்குது எனக்கு. பதினோரு கட்டில்ல இருந்தவனும் என்னயப் பாத்தான். நீங்க கேட்டுட்டுக் கெடந்திய."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"தாகமா இருக்கான்னு நீ கேப்ப. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். ஒருக்கா அப்படிச் சொல்லிட்டா அப்புறம் எல்லாத்தையும் ஒளிக்க வேண்டியதா போச்சு." வாய் ஒட்டியது. "தாகமா இருக்குட்டி. எப்பவும் இருக்கு. தூங்கி முழிச்சா அதுதான் முதல்ல முழிக்கு. இப்பவும் இருக்கு. நாளைக்கும் இருக்கும்."

வயலா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிக்கப் போகிறாளோ, அழப் போகிறாளோ என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் குனிந்து படியில் இருந்த தம்ளரை எடுத்தாள். பானையில் திரும்ப ஊற்றப் போகிறாள் என்று நினைத்தார், மண்ணில் கொட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் தலையை அண்ணாந்து அதைக் குடித்தாள். மடக்கு மடக்கென்று, நிறுத்தாமல், காலையிலிருந்து உபவாசம் இருந்த தொண்டை ஒவ்வொரு மடக்குக்கும் ஏறி இறங்கியது, ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து கழுத்தில் இறங்கி ரவிக்கைக்குள் போயிற்று. அருமைநாயகம் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். அவள் தண்ணீர் குடித்து இவர் பார்த்ததே இல்லை போல் இருந்தது. எப்போது பார்த்தோம் கடைசியாக.

"ரெண்டு வருசம்" என்றாள், இவர் கேட்காமலே, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "ஒங்க முன்னால ஒரு வாய் குடிச்சதில்ல. அடுக்களக் கதவுக்குப் பின்னால நின்னு, சத்தம் வராம விழுங்குவேன். ஒங்களுக்கு ஆச கெளம்பிரக்கூடாதுன்னு. நீங்க வெளிய போனாத்தான் நல்லா குடிப்பேன். நீங்க எங்க வெளிய போறிய."

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், இவர் குளியலறையிலும் அவள் கதவுக்குப் பின்னாலும், ஆளுக்கொரு பக்கம் ஒளிந்து நின்று தண்ணீர் குடித்திருக்கிறார்கள். சிரிக்கலாம் போலவும் இருந்தது, நெஞ்சை அடைத்தது, இந்த அடைப்பு தண்ணீரால் இல்லை. அவள் இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். அந்தக் கோபம் இன்றைக்குப் போகாது, நாளைக்கு ஆஸ்பத்திரி பஸ்ஸிலும் கூட வரும், நர்ஸ் முன்னால் அவரே வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் வரும், சொல்லித்தான் ஆக வேண்டும், எட்டு மணிக்குத் தராசில் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அந்தப் பதினொரு கட்டிலும் கேட்கிற மாதிரி.

"இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

அவள் தம்ளரை நீட்டினாள். அருமைநாயகம் எழுந்து, பானைக்குள் கையை விட்டு, தளும்பத் தளும்ப மொண்டு அவளிடம் கொடுத்தார். விரலெல்லாம் நனைந்தது, அதைச் சட்டையில் துடைத்தார். அவள் இந்தத் தடவை மெதுவாகக் குடித்தாள், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்க, முகத்தைத் திருப்பாமல், அவள் குடித்து முடிக்கிறவரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.